முனிக்கு வைத்த சுருட்டு

மேலப்புத்தூர்,
ஒரத்தநாடு வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.
5-9-1998

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு உன் தாய் அம்சம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், உன் தங்கை செம்மொழியும், கன்று ஈன்ற பசுவும் நலமாக இருக்கிறோம். உன் தந்தையாரையும் இந்த வரிசையில் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம், இம்முறை சேர்ப்பதற்குக் கை வரவில்லை. அவ்விடத்தில் நீ நலமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அதை நம்பவே விரும்புகிறேன், ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ பேசியதைவிட இருமியதே அதிகமாக இருந்தபடியால் முழுவதும் நம்புவதற்கில்லை. அதைப் பற்றியும் இக்கடிதத்தில் கேட்பேன், தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

புது ஆற்றிலிருந்து நம் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் சம்பா நாற்று கரும்பச்சையாக நிற்கிறது. பறித்து நடுவதற்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் சொன்ன ஆளெல்லாம் வருவார்கள் என்ற உறுதி இப்போது இல்லை, தெருவில் பாதி இளையவர்கள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். செம்மொழி பி.எட். தேர்வை முடித்துவிட்டு, வேலைக்கு ஆணை வரும்வரை என் பேச்சில் பிழை கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். வானொலிச் செய்தியைக் கேட்டும், நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தும் நானாகச் சேர்த்துக்கொண்ட தமிழ் இது. அதில் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இனி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதத்தில் உன் நண்பன் ஜெரால்ட் விடுமுறைக்குத் தஞ்சாவூர் வந்தபோது, நீ கொடுத்தனுப்பிய மரப்பெட்டியையும் கடிதத்தையும் நம் வீடு தேடி வந்து சேர்ப்பித்தான். பெட்டியைத் திறந்தபோது உள்ளே அமெரிக்கச் சுருட்டுகள், குழந்தைகளைப் போல வரிசையாகப் படுத்திருந்தன. உன் தந்தையாருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் பொன்னிறக் காகித வளையம் ஒன்று இருந்ததல்லவா, அதைக் கழற்றி மோதிர விரலில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி. அதோடு நின்றிருந்தால் நான் இக்கடிதத்தை எழுத வேண்டியதில்லை. உன் கடிதத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சிகரெட்தான் நெஞ்சைக் கெடுக்கும், சுருட்டுப் புகையை யாரும் விழுங்குவதில்லை, வாயில் வைத்து ருசி பார்த்து வெளியே விடுவதோடு சரி, அதனால் ஆபத்து கிடையாது, இங்கே பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் இப்போது இதைத்தான் பிடிக்கிறார்கள், நானும் சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டேன் என்று நீ எழுதிய பகுதியை அங்கே வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார். அன்று முதல் அக்கடிதம் அவருக்கு லைசென்ஸ் ஆகிவிட்டது.

நீ சிறுவனாக இருந்தபோது நடந்தது உனக்கு எந்த அளவுக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை, ஆகையால் சொல்கிறேன். உன் ரெத்தினம் சித்தப்பா சிகரெட்டால் நுரையீரல் கெட்டு இறந்து போனார். தம்பியைத் தூக்கிக் கொடுத்த துக்கத்தில் உன் தந்தையார் நம் குலதெய்வமாகிய முனீஸ்வரர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து, இனிச் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறார், அதில் எனக்குப் பெருமையே. ஆனால் மனிதனுடைய புத்தி எப்படி வழி கண்டுபிடிக்கிறது பார். ஆடிப் படையலில் முனிக்குச் சுருட்டு பற்றவைத்து வைப்பதும், தீபம் காட்டி முடிந்தவுடன் அந்தச் சுருட்டைப் பங்காளிகளில் மூத்தவர் வாங்கி இழுப்பதும் நம் வகையறாவின் வழக்கம். மூத்தவர் உன் தந்தையார்தான். சாமி குடித்த மிச்சம் என்பதால் அது புகையிலைக் கணக்கில் சேராதாம், திருநீறு மாதிரியாம். பிறகு ஆடியில் மட்டும் இழுத்தது வெள்ளிக்கிழமைதோறும் ஆயிற்று, வெள்ளிக்கிழமை போய்த் தினமும் ஆயிற்று. கடையில் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி, முனி கோயில் சூலத்தடியில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துக்கொண்டு வருவார். கேட்டால், நான் சத்தியம் பண்ணுனது சிகரெட்டுக்கு, முனி குடிக்கிறதை நான் குடிச்சா முனியே என்னைக் கோவிச்சுக்குவாரா அம்சம் என்பார். இந்த நியாயத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உன் பெட்டி வந்த சில நாட்களில் அவர் ரசத்தில் மிளகு வேண்டாம் என்றார். பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிற மனிதர், மிளகு வேண்டாம் என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. பல் வலி என்று மழுப்பினார். பல்லைப் பிடுங்கிவிடலாம் வாருங்கள் என்று தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இடக் கன்னத்தின் உட்புறத்தையே விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டைக் கவ்வுகிற பக்கம் அது. கஞ்சி காய்ந்து ஒட்டியது போல வெள்ளைப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது, பஞ்சால் துடைத்தும் போகவில்லை. இது எல்லோருக்கும் புற்றாக மாறும் என்பதில்லை, மாறக்கூடியது என்பதால் சும்மா விடவும் கூடாது, சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், புகையிலையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். உன் தந்தையார் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். எம் பையன் அமெரிக்காவுல இன்ஜினியர், சுருட்டால ஒண்ணும் வராதுன்னு எழுதியிருக்கான், படிச்சுப் பாருங்கம்மா என்றார். எந்த இன்ஜினியருங்கய்யா என்று அவர் கேட்டார். கம்ப்யூட்டர் என்றார் இவர். சரிங்கய்யா, கம்ப்யூட்டருக்கு வாய் புண்ணானா அவரைக் கேப்போம், உங்க வாயை நான் பாத்துக்கறேன் என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை நினைத்து வெட்கமும் வந்தது. இவருக்கோ கோபம் வந்துவிட்டது. கத்தி பட்டால்தான் புற்று கிளம்பும், சும்மா கிடக்கிறதைக் கிளறாதே என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நான் மட்டும் திரும்பப் போனேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. சிகரெட் எப்படி, சுருட்டு எப்படி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நியாயத்தை மறைக்கமாட்டேன், நீ எழுதியதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. புகையை உள்ளே இழுக்காமல் சுருட்டு பிடிப்பவருக்கு நுரையீரல் கெடுகிற அபாயம் சிகரெட்காரரைவிடக் குறைவுதானாம், ஆனால் அறவே புகைக்காதவரைவிட அதிகமாம். ஆனால் வாய், தொண்டை, உணவு இறங்குகிற குழாய் ஆகியவற்றுக்கு வருகிற கேட்டில் சுருட்டு சிகரெட்டுக்குத் தம்பியே இல்லை, ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை. சுருட்டுப் புகையின் நஞ்சு நெஞ்சுக்குப் போகவே தேவையில்லை, கன்னத்துத் தோல் வழியாகவே இரத்தத்தில் ஊறிவிடும். நீ அனுப்பினாயே தடித்த தடித்த சுருட்டுகள், அவற்றில் சில ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்குமாம். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை நமக்குப் புரிகிற மாதிரி யோசித்துக்கொண்டே வந்தேன். சிகரெட் என்பது உப்புத் தண்ணீர் கடைமடை வரை பாய்ந்து பயிரைக் கெடுப்பது. சுருட்டு என்பது அதே தண்ணீர் தலைமடையிலேயே தேங்கி நிற்பது. கடைமடை பிழைத்தது என்று தலைமடைக்காரன் கொண்டாடுவானா? எங்கே அழுகுகிறது என்பதுதான் வேறு.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார், அது உனக்கு. சிகரெட் பிடித்துப் பழகியவன் சுருட்டுக்கு மாறினால், பழைய வழக்கத்தால் தன்னை அறியாமலே புகையை உள்ளே இழுப்பானாம். அப்படி இழுத்தால், நீ எழுதினாயே அந்த ஒரு பங்கு உண்மை, அதுவும் அவனுக்குப் பொருந்தாது. நீ மாறிவிட்டதாக எழுதினாய். தொலைபேசியில் இருமினாய். குளிர் என்று சொன்னாய். ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரில் என்ன குளிர் என்று, விடுமுறை முடிந்து இன்னும் புறப்படாத ஜெரால்டைக் கேட்டேன், அவன் தலையைச் சொறிந்தான். இரண்டையும் கூட்டி விடை கண்டுபிடிக்க நான் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

நான் திரும்பி வந்து சொன்னதை எல்லாம் உன் தந்தையார் கேட்டுவிட்டு, நீ மட்டும் வெத்தலை போடுறியே, அது என்ன துளசியா என்றார். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். பாக்கும் வாய்க்கு ஆகாது என்றே சொல்லியிருந்தார். உன் தந்தையார் கண்முன்னாலேயே வெற்றிலைப் பெட்டியைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்தேன். இப்போது உங்கள் முறை என்றேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

இப்படியிருக்கையில் ஆடிக் கடைசி வெள்ளிக்குப் படையல் வந்தது. உன் பெட்டியைக் கொண்டு வந்து முனி முன்னால் வைத்தார்கள். பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பூசாரி கண்ணுசாமி அதில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்துச் சூலத்தடியில் செங்கல் மேல் நிறுத்தி, தீபம் காட்டி முடித்து, அந்தச் சுருட்டை உன் தந்தையாருக்கு எடுத்துக் கொடுப்பதற்காகக் குனிந்தார். பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து நான் முன்னே போனேன். ஐயா, முனிக்கு வைத்தது முனிக்கே இருக்கட்டும், எரிந்து முடியட்டும், இந்த வருடம் முதல் இதை எந்த மனிதனும் வாயில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். பம்பை அடித்தவன் கூட நிறுத்திவிட்டான். உன் மருதையன் சித்தப்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, எல்லாரும் உக்காருங்கப்பா, அண்ணி ஆகாசவாணி ஆரம்பிச்சிட்டாங்க, அடுத்து வானிலை அறிக்கை என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வானிலை அறிக்கைதான் தம்பி, இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் இடி விழுந்தாயிற்று, இன்னொன்றுக்கு நான் வாசலைத் திறந்து வைக்கப்போவதில்லை என்றேன். கண்ணுசாமி பயந்துபோய், சாமி குத்தமாயிடும் ஆத்தா, விலகிக்கங்க என்றார். குற்றம் என் தலையில் வரட்டும், தலை என்னுடையது, அவருடைய வாய் பிழைக்கட்டும் என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தியும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே செங்கல் மேல் இருந்த சுருட்டு பாதியில் அணைந்துபோயிற்று. பாத்தீங்களா, முனிக்குக் கோவம் என்று கண்ணுசாமி கும்பிட்டார். அமெரிக்கச் சரக்கு சாமிக்கு ஒத்துக்கலை என்றார் மருதையன். இழுக்க ஆள் இல்லாவிட்டால் எந்தச் சுருட்டும் அணைந்துதான் போகும், நான் சொல்ல வந்ததும் அதுதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மிச்சமிருந்த உன் விலையுயர்ந்த சுருட்டுகளை என்ன செய்தேன் என்று நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புக் கரைத்து, கத்தரிச் செடிக்குத் தெளித்தேன். இலைக்கடியில் அப்பிக் கிடந்த அசுவினிப் பூச்சி ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டி நல்ல பெட்டி, ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கிறேன்.

உன் தந்தையார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். செம்மொழி, உங்கம்மாகிட்ட சொல்லு, சோறு குழைஞ்சிருக்கு என்பார். செம்மொழி, உங்கள் தந்தையாரிடம் சொல், வாய் எரிகிறவருக்குக் குழைத்துத்தான் வடிக்க முடியும் என்பேன். அந்தப் பெண் நடுவில் தந்திக் கம்பம் மாதிரி நின்றாள். கடைசியில் ஒருநாள் நேரடியாகவே சொன்னார், தமிழ்மாறன் எழுதட்டும், நான் எழுதினது தப்புப்பான்னு அவன் கைப்பட எழுதட்டும், அன்னிக்கே வர்றேன் என்று. தஞ்சாவூர் வாய்க்குள்ளே விளக்கு அடித்துப் பார்க்க அமெரிக்காவிலிருந்து உத்தரவு வர வேண்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மாவைக் கார் வைத்து அழைத்து வந்து டீக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஊர் பார்க்க உங்கள் வாயைத் திறக்கச் சொல்வேன் என்றேன். செய்வாள் இவள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அசையவில்லை.

அசைத்தது நான் அல்ல, உன் சித்தி. ரெத்தினம் போன பிறகு அவள் இந்த வீட்டில் எதிலும் வாய் கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். கோயிலில் நடந்ததைக் கேள்விப்பட்டு வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, தலை நிமிராமல் பேசினாள். மாமா, அவரும் இப்படித்தான் சொன்னாரு, நான் பிடிக்கிறது நுனியில பஞ்சு வச்ச சிகரெட், வெசத்தையெல்லாம் பஞ்சு குடிச்சிடும்னாரு. அவருக்குப் பஞ்சு, உங்களுக்கு முனி. ஆளுக்கு ஒரு சாக்கு கெடைச்சிடுதுல்ல என்றாள். அவ்வளவுதான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, மோர் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் உன் தந்தையார் என்னிடமே நேராக, வெள்ளைச் சட்டை எது தேச்சிருக்கு என்று கேட்டார். நானும் எதுவும் நடக்காதது போல எடுத்துக் கொடுத்தேன். அன்றே போய் நாள் வாங்கி வந்துவிட்டோம். வருகிற வியாழக்கிழமை துண்டு எடுக்கிறார்கள். அன்று நடவு இருந்தால் நடவு நிற்கட்டும்.

ஆகவே, மகனே, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்க உன் கடிதம் தேவை என்று நான் கெஞ்சுவதாக எண்ணாதே. இக்கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது துண்டு எடுத்து முடிந்திருக்கும். உன் உத்தரவுக்காக நான் காத்திருக்கவில்லை, காத்திருக்கப் போவதும் இல்லை. அந்தப் படலமும் உன் பெட்டியால் வந்தது அல்ல, அது பல வருடத்து விளைச்சல். உன் எழுத்து அதற்குக் குடை பிடித்தது, அவ்வளவே. ஆனாலும் நீ எழுத வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி. சோதனையில் கெட்ட முடிவு வந்தால் அவரே நடுங்கிப்போய் விட்டுவிடுவார், மேற்கொண்டு ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்வேன், உன் எழுத்து அப்போது வேண்டியதில்லை. நல்ல முடிவு வந்தால்தான் எனக்குப் பயம். முனியும் காப்பாற்றினார், மகன் சொன்னதும் சரி என்று அன்று மாலையே சூலத்தடிக்குப் போய்விடுவார், கூட மருதையனும் போவார், ஊரே போகும். அந்த நாளுக்காகத்தான் உன் எழுத்து எனக்கு வேண்டும். அப்பா, நான் பாதி தெரிந்துகொண்டு எழுதினேன், சுருட்டும் கொல்லும், நான் விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள் என்று எழுது. விட்டுவிட்டேன் என்பதை விட்ட பிறகு எழுது. பொய்யாக எழுதினால் அடுத்த ஞாயிறு உன் இருமலே எனக்குச் சொல்லிவிடும்.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊரில் நல்லெண்ணெய் கிடைக்கும் என்று ஜெரால்ட் சொன்னான், இல்லையென்று சாக்கு எழுதாதே. முனீஸ்வரர் உன்னைக் காப்பார், அவர் பெயரைச் சொல்லி நான் சண்டை போட்டதில் அவருக்கு என்மேல் வருத்தம் இருக்காது என்றே நம்புகிறேன். நீடூழி வாழ்க. அறிவும் ஆயுளும் ஒருசேரப் பெருகுக, ஒன்று மட்டும் பெருகிப் பயனில்லை. கடிதத்தை உன் தந்தையார் பெயருக்கே எழுது, திரு. துரைராசு என்று முழுப் பெயர் போடு. டீக்கடையில் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார்.

இப்படிக்கு,
பிடிவாதம் குறையாத உன் தாய்,
து. அம்சம்